உங்களுக்குத் தெரியுமா? கிண்டிலும் பாடப்புத்தகமும்

2009-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், மூன்று வகுப்புகளில் படித்த சுமார் 50 மாணவர்களுக்கு அமேசானின் கிண்டில் டிஎக்ஸ் என்ற மின்னூல் கருவியைக் கொடுத்துப் பாடங்களை அதிலேயே படிக்கச் சொன்னது. பேப்பர் செலவைக் குறைப்பதுதான் நோக்கம். அது பலித்தது, பிரின்ட் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாணவர்களுக்குத்தான் திருப்தி இல்லை. வரிக்கு அடியில் கோடு போடவும், ஓரத்தில் குறிப்பெழுதவும், ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் படாதபாடு பட்டார்கள். போதாக்குறைக்கு, அன்றைய கிண்டிலில் பக்க எண்ணே கிடையாது. கட்டுரையில் மேற்கோள் காட்டினால் எந்தப் பக்கம் என்று எழுதுவது? கதை படிக்க வசதியான கருவி பாடத்துக்கு ஒத்துவரவில்லை!

இதே சோதனையில் இறங்கிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது பார்வையற்றோர் அமைப்புகள் வழக்கே போட்டன. கருவி நூலைச் சத்தமாக வாசிக்கும். ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்கும் மெனுவுக்குக் குரல் இல்லை. 2010 ஜனவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது.

பின்னர் மொழியியலாளர் நவோமி பேரன், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 400-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களிடம், எதில் படித்தால் மனம் ஒன்றுகிறது என்று கேட்டார். அச்சில் படித்தால்தான் மனம் ஒன்றுகிறது என்றவர்கள் 92 சதவீதம்.