முதல் ரைஃபிள்: வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

போன வாரம் ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "டார்கெட் ஷூட்டிங் கத்துக்கணும். ஆன்லைன்ல ஒரு .22 ஏர் ரைஃபிள் சீப்பா இருக்கு, வாங்கிடவா?"

ஒரு நிமிஷம் பொறுங்க, நண்பா.

முதல் விஷயம், சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்னா ரெண்டு நிபந்தனையும் பொருந்தணும்: குழாய் விட்டம் .177, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. .22-ன்னா 5.5 மில்லிமீட்டர். காத்துல சுடுறதா இருந்தாலும் அதுக்கு லைசென்ஸ் வேணும். "ஏர் கன் தானே"ன்னு நினைச்சு வாங்கினா கேஸ் உங்க மேலதான் வரும்.

.177-ல நமக்கு நஷ்டமும் இல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம் ஜெயிச்ச 10 மீட்டர் போட்டிக்கும் அதே 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான். அந்த டார்கெட்ல பத்து பாயிண்ட் புள்ளியோட விட்டம் எவ்வளவு தெரியுமா? வெறும் 0.5 மில்லிமீட்டர்!

ரெண்டாவது, வகை. ஸ்பிரிங் ரைஃபிள்தான் விலை குறைவு. ஆனா சுடும்போது உள்ளே இருக்கிற பிஸ்டன் பாயுறதால துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். பிடி கொஞ்சம் மாறினாலும் குறி மாறும். பிசிபி ரைஃபிள்ல காத்தை முன்னாடியே சிலிண்டர்ல அடைச்சிருப்பாங்க. அதிர்வு ரொம்பக் கம்மி, விலை அதிகம். செகண்ட் ஹேண்ட்ல பிசிபி வாங்கினா சிலிண்டர்ல இருக்கிற தேதியைக் கண்டிப்பா பாருங்க. காலாவதியானதைப் போட்டியில அனுமதிக்க மாட்டாங்க. அதுல காத்து அடைக்கிறதும் ஆபத்து.

மூணாவது, உங்க உடம்பு. கைப்பிடியைப் பிடிச்சு முழங்கையை மடக்குங்க. கட்டையோட பின்முனை முழங்கை மடிப்புல வந்து உட்காரணும். நீளமா இருந்தா தோள் இழுக்கும். உங்களுக்கு எந்தக் கண் ஆதிக்கக் கண்ணுன்னும் பாருங்க. ரெண்டு கண்ணையும் திறந்து, தூரத்துப் பொருளைக் கட்டைவிரலால மறைங்க. அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் நகராம இருக்கோ, அதுதான். டெலஸ்கோப்புக்குக் காசு செலவழிக்காதீங்க. 10 மீட்டர் போட்டியில அதுக்கு அனுமதி இல்ல.

நாலாவது, மொத்தச் செலவு. ஒரு போட்டிச் சுற்றுக்கு 60 ஷாட். 500 பெல்லட் இருக்கிற டப்பா எட்டு சுற்றுக்குத்தான் வரும். ரேஞ்ச் கட்டணம், கோச்சிங், பிற்பாடு ஜாக்கெட்னு செலவு தொடரும். பட்ஜெட் மொத்தத்தையும் துப்பாக்கியில கொட்டிட்டா பிராக்டிஸுக்குக் காசு இருக்காது.

அதனால என் பதில்: முதல் சில மாசம் எதுவும் வாங்காதீங்க. பக்கத்து ரைஃபிள் கிளப்ல சேருங்க, அங்கே இருக்கிற துப்பாக்கியில பழகுங்க. ஸ்பிரிங், பிசிபி ரெண்டையும் சுட்டுப் பார்த்தா உங்களுக்கே புரிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. மொட்டை மாடியில வேண்டவே வேண்டாம். பெல்லட் சுவத்துல பட்டுத் திரும்பி வரும். ஒரு கண் போயிடும். குண்டு இருக்கோ இல்லையோ, குழாய் எப்பவும் டார்கெட்டைப் பார்த்தே இருக்கணும், சுடுற நொடி வரைக்கும் விரல் டிரிகருக்கு வெளியில இருக்கணும். ரேஞ்ச்ல முதல் நாள் சொல்லித் தர்றதும் இதுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!