நூறடி நூலும் மலிவான றீலும்

எம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கின்றார். சென்ற ஆண்டுக் கோடையில் அவரிடமிருந்து எமக்கொரு கடிதம் வந்தது. "ஐயா, மூன்று தூண்டில்களை ஒரே தூரத்தில் விட்டு இழுக்கின்றேன். ஒன்றில் மட்டுமே மீன் அகப்படுகின்றது. ஏன் என்று மகன் கேட்கின்றான். எனக்கு விடை தெரியவில்லை. விலையுயர்ந்த றீல் வாங்க வேண்டுமோ?" என்று அவர் எழுதியிருந்தார். மீன்பிடித் தொழிலை அறியாத ஆசிரியரிடம் இவ்வினாவை விடுப்பானேன் என்று வாசகர் நகைக்கலாம். நாமும் முதலில் நகைத்தோம். சற்று ஆராய்ந்தபொழுதோ, வினா மீனைப் பற்றியதன்று, வட்டத்தின் சுற்றளவைப் பற்றியது என்று கண்டோம்.

மிசிசிப்பியின் வடபாகத்தில் ஆர்க்காபுட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனேடா என நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் உள. வெள்ளப் பெருக்கைத் தடுக்கும் பொருட்டு அணைகட்டி அமைக்கப்பெற்ற இவற்றிலே கிறாப்பி என்னும் தட்டையான நன்னீர் மீன் மிகுதி. வெள்ளைக் கிறாப்பி, கறுப்புக் கிறாப்பி என அஃது இருவகைப்படும். ஓர் இறாத்தல் நிறையுள்ள மீன் அகப்பட்டாலே மகிழ்ச்சி. ஈனிட் நீர்த்தேக்கத்தில் 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிடிபட்ட வெள்ளைக் கிறாப்பி ஒன்றோ 5 இறாத்தல் 3 அவுன்ஸ் நிறுத்து, உலக சாதனையாகப் பதிவு பெற்றது.

இளவேனிலில் முட்டையிடும் பொருட்டுக் கரையோரம் வரும் இம்மீன், கோடை முதிர்ந்ததும் ஆழமான திறந்த நீருக்குச் சென்று, மேற்பரப்புக்கும் அடித்தளத்துக்கும் இடையே மிதந்து நிற்கும். அப்பொழுது ஓரிடத்திலே தூண்டிலிட்டுக் காத்திருத்தல் அத்துணைப் பயன்தருவதன்று. ஆகவே படகின் பின்னே பொய்யிரைகளை இழுத்துச் செல்கின்றனர். இதனை ட்றோலிங் என்பர். கிராங்பெயிற் எனப்படும் அப்பொய்யிரை விரலளவு நீளமுள்ள ஒரு போலி மீன். அதன் முகத்திலே தகடு போன்றதொரு நாக்கு நீண்டிருக்கும். இழுக்கும்பொழுது நீர் அந்நாக்கைத் தாக்க, இரை தலைகுனிந்து ஆழத்துக்கு இறங்கும். படகு மணிக்கு ஒன்றரை மைல் முதல் இரண்டு மைல் வேகத்திலே செல்லும். சட்டம் அனுமதிக்கும் அளவிற் பல கோல்களைத் தாங்கிகளிற் பொருத்திவிடுவர்.

இரை எத்துணை ஆழம் இறங்கும்? ஓர் எல்லை வரைக்கும், வெளிவிட்ட நூல் நீள நீள ஆழம் கூடும். நூல் தடித்தால் ஆழம் குறையும். கிறாப்பியோ பெரும்பாலும் தனக்கு மேலே செல்லும் இரையையே நாடி எழும். தனக்குக் கீழே போவதைப் பொருட்படுத்தாது. ஆகவே சில அடி பிழைத்தாலும் நாள் முழுவதும் வீணாகும். இங்கே றீல் நூல் சுற்றும் கருவி மாத்திரமன்று, அஃதோர் அளவுகோலுமாகும்.

நூலின் நீளத்தைக் காட்டும் எண்ணி பொருத்திய றீல்கள் இதன் பொருட்டே விற்கப்படுகின்றன. ஆனால் அவ்வெண்ணி நூலை நேராக அளப்பதன்று. நூற்கட்டை எத்தனை முறை சுழன்றது என்பதையே அஃது எண்ணுகின்றது. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூல் நிறைந்த கட்டையின் விட்டம் 4 சதம மீற்றர் எனின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12.6 சதம மீற்றர் நூல் வெளிவரும். நூல் குறைந்து விட்டம் 3 சதம மீற்றர் ஆயின் ஒரு சுற்றுக்கு 9.4 சதம மீற்றர் மட்டுமே. எண்ணியோ இரண்டையும் ஒன்றெனவே கொள்ளும். அது 100 அடி எனக் காட்டும்பொழுது உண்மையில் நீரில் உள்ளது 75 அடியே.

எம் மாணவரின் இடர்ப்பாடு இதுவேயாம். பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணிப் பழைய றீல்கள் மூன்றை வெவ்வேறிடங்களில் வாங்கியிருந்தார். மூன்றும் மூன்று அமைப்பு. நூலும் மூன்று அளவு. மூன்று எண்ணிகளும் 100 என்று ஒத்துக் கூறின; மூன்று இரைகளும் மூன்று ஆழங்களிற் சென்றன.

புதிதாக வாங்குவோருக்கும் இதிலிருந்து ஒரு விதி கிடைக்கின்றது: சிறந்த றீல் ஒன்றிலும் ஒரே வகையான எளிய றீல்கள் பல மேல். எண்ணி பொருத்திய உயர்தர றீல் ஒன்று 200 டொலருக்கு மேலும் விலை போகும்; எளியவை ஏறக்குறைய 60 டொலருக்கே கிடைக்கும். கடலிலும் பெரும் ஏரிகளிலும் வலிய மீனோடு போராடுவதற்கு அமைந்த பலம் ஓர் இறாத்தல் மீனுக்கு வேண்டியதில்லை. சிறிய அளவே போதும். கிறாப்பியின் வாய்த்தோல் மிக மெல்லியது. அமெரிக்கர் அதனைக் காகிதவாய் என்றே அழைப்பர். ஆதலால் வாங்குமுன் நூலைக் கையால் இழுத்து, தடை விக்கலின்றி இளகிக் கொடுக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பற்சக்கர விகிதம் மிகையாயிராமல் நாலு அல்லது ஐந்து மடங்காயின் மெதுவாகச் சுற்றலாம். நூலுக்குத் தங்கூசியே ஏற்றது. அது சற்று நீண்டு கொடுப்பதால் வாய் கிழியாது. கட்டையின் அடியிற் பழைய நூலைச் சுற்றி மேலே மட்டும் புதுநூல் இட்டால் செலவும் குறையும், விட்டமும் நிறையும்.

எண்ணி வாங்க இயலாதோர்க்கும் வழியுண்டு. நூலைக் கட்டையின் இருபுறமும் பரப்பிச் சுற்றும் வழிகாட்டி பல றீல்களில் உண்டு. அதனை அந்நாட்டிற் பரப்பியவர்களுள் ஒருவர் மிச்சிகன் மாநிலத்து வில்லியம் ஷேக்ஸ்பியர்; நாடகாசிரியரல்லர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த றீல் உற்பத்தியாளர். வழிகாட்டி ஒருமுறை குறுக்கே செல்லும்பொழுது எத்தனை அடி வெளிவருகின்றது என அளந்து வைத்துக்கொண்டால், அதன் நடையை எண்ணியே நீளத்தை அறியலாம். ஆனால் சில றீல்களில் நூலை வெளிவிடும்பொழுது வழிகாட்டி அசையாது. கடையிலேயே இதனைச் சோதித்தல் நன்று. அசையாவிடின் நூறடியில் அழியாத மையால் ஓர் அடையாளம் இட்டாற் போதும்.

எம் மாணவருக்கு நாம் எழுதிய மறுமொழி சுருக்கமானது. "புதிய றீல் வாங்கவேண்டாம். மூன்று கட்டைகளிலும் நூலை நிறையச் சுற்றுக. மகனை அழைத்துக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குச் சென்று, ஒவ்வொன்றும் 100 காட்டும்பொழுது உண்மையில் எத்தனை அடி என்று அளந்து எழுதுக. ஆனால் முதலில், மீன் பிடித்த றீலை மட்டும் இப்பொழுதுள்ளவாறே அளந்து வைக்க."

இரண்டு கிழமையில் விடை வந்தது. மீன் பிடித்த றீல் 100 என்று காட்டியபொழுது உண்மையில் வெளிவந்திருந்தது 80 அடியே. மற்றை இரண்டும் நூறடியையும் கடந்து, மீன்கூட்டத்தின் கீழே வீணே சென்றுகொண்டிருந்தன. மகன் அளவுநாடாவின் நுனியைப் பிடித்துத் திடலின் மறுகோடிக்கு ஓடினானாம். கண்ட அளவுகளைத் தானே அட்டவணையாக எழுதி ஒவ்வொரு கோலிலும் ஒட்டினானாம். அடுத்த ஞாயிறன்று மூன்று கோல்களிலும் உண்மையான 80 அடி நூல் விட்டனர், மூன்றும் வளைந்தன.

விலையுயர்ந்த கருவி கையில் இல்லையே என்று வருந்துவோர் எங்கும் உளர். எம் வகுப்பறையிலும் உளர். கையிலுள்ள கருவி எவ்வளவு பிழைக்கின்றது என்று அளந்தறிந்தவனுக்கு, அந்த மலிவான கருவியே உண்மை பேசத் தொடங்குகின்றது. வட்டத்தின் சுற்றளவு பரீட்சைக்கு மட்டுமே உதவும் என்று எண்ணும் மாணவர்களுக்கு அச்சிறுவனின் அட்டவணையை எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.