திறவுச்சொல்லும் மதிப்பும்: கணிப்பொறி வழிச் சொல்லடைவு

முன்னுரை

சொல்லையும் பொருளையும் இணைத்துத் தொகுக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. திவாகரம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையால் தொகுத்துச் செய்யுளில் தந்தன. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. நூலை மனனம் செய்யாதவரும் வேண்டிய சொல்லைத் தேடிக் காண அதனால் வழி பிறந்தது. இன்று இலக்கிய நூல்களுக்குச் சொல்லடைவு காணும் பணியில் கணிப்பொறி துணை நிற்கின்றது. அது சொற்களை எவ்வாறு சேமிக்கின்றது, எவ்வாறு திரும்ப எடுத்துத் தருகின்றது என்பதைத் தமிழ் பயில்வோரும் அறிந்திருத்தல் நலம்.

தொடர்புறு அணி

நிரல் எழுதுவோர் பல தரவுகளை ஒருங்கே சேமிக்க ‘அணி’ என்னும் அமைப்பைக் கையாளுவர். அதில் ஒவ்வொரு தரவும் எண்ணால் சுட்டப்பெறும். எண்ணுக்கு மாற்றாகச் சொல்லாலும் சுட்ட இடந்தரும் அணியை ‘அசோசியேட்டிவ் அரே’ என்பர். நாம் அதனைத் தொடர்புறு அணி எனலாம். சுட்டும் சொல் திறவுச்சொல். அதனோடு இணைந்திருப்பது மதிப்பு. பைத்தான் மொழியில் இவ்வமைப்புக்கு ‘டிக்‌ஷனரி’, அதாவது அகராதி, என்றே பெயர்.

ஒரு நூலின் சொற்களை எண்ணுவதாகக் கொள்வோம். ‘மலர்’ என்னும் சொல் முதன்முறை வரும்போது நிரல் அதனைத் திறவுச்சொல்லாக்கி, 1 என்னும் மதிப்பை இடும். பின்னர் அச்சொல் வருந்தோறும் மதிப்பில் ஒன்றைக் கூட்டும். நூல் முடியும்போது ஒவ்வொரு சொல்லும் தன் எண்ணிக்கையோடு இணைந்து நிற்கும்.

இணைகளை எடுத்தல்

அடுத்து, இணைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து அச்சிடல் வேண்டும். எண்ணால் சுட்டும் அணியில் 1, 2, 3 என எண்ணிச் செல்லலாம். தொடர்புறு அணியிலோ அடுத்த சொல் யாதென நாம் முன்னரே அறியோம். ஆதலின் நிரல்மொழிகளே இதற்கு வழி அமைத்துள்ளன. 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய ஆக் மொழியின் ‘ஃபார்–இன்’ மடக்கு திறவுச்சொல்லை மட்டும் தரும். அதனைக் கொண்டு மதிப்பை நாம் பெறுதல் வேண்டும். பெர்ல் மொழியின் ‘ஈச்’, பைத்தானின் ‘ஐட்டம்ஸ்’, பிஎச்பியின் ‘ஃபார்ஈச்’ ஆகியன இரண்டையும் இணையாகவே தரும்.

எந்த வரிசையில்?

சொற்கள் எந்த வரிசையில் வெளிவரும் என்பதே முதன்மையான வினா. பல மொழிகள் திறவுச்சொல்லை ஒரு கணக்கீட்டால் எண்ணாக மாற்றி, அவ்வெண் காட்டும் இடத்தில் அதனை வைக்கின்றன. தேடுதல் விரைவாகிறது, வரிசையோ குலைகிறது. ஒரே இடத்தைச் சுட்டும் சொற்களைத் திட்டமிட்டுக் குவித்து இணைய வழங்கிகளைத் திணறச் செய்யலாம் என்பது 2011 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் விளக்கப்பட்டது. 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 அக்கணக்கீட்டை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றியமைத்தது. ஒரே நிரல் இருமுறை இயங்கின் இருவேறு வரிசை தோன்றலாயிற்று. 2018இல் வந்த பைத்தான் 3.7, சொற்கள் சேர்ந்த வரிசையே காக்கப்படும் என உறுதி தந்தது. ஆயினும் அது சேர்ந்த வரிசையேயன்றி அகர வரிசை அன்று. ஆகவே திறவுச்சொற்களை முதலில் வரிசைப்படுத்திப் பின்னரே இணைகளை எடுத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்து எழுப்பும் இடர்கள்

அங்கும் ஓர் இடர் உண்டு. யூனிகோடு குறியீட்டில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களுள் இறுதி. குறியீட்டெண் வழி வரிசைப்படுத்தினால் மனம், மரம், மலர், மழை என வரும். அகராதி வரிசையோ மரம், மலர், மழை, மனம் என்பதாம். ‘மனம்’ என்னும் சொல்லை உரிய இடத்தில் காணாத ஆய்வாளர், அது நூலிலேயே இல்லையென முடிவு செய்யக்கூடும்.

மற்றோர் இடர் கண்ணுக்குப் புலனாகாதது. ‘கொடை’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை இருவேறு திறவுச்சொற்கள். எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிடும். எனவே எண்ணத் தொடங்குமுன் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது.

இணைகளை எடுத்துச் செல்லும்போதே வேண்டாத சொற்களை நீக்குதலும் தகாது. பைத்தான் அவ்விடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். வேறு சில மொழிகளில் விளைவு இன்னதெனக் கூறவியலாது. நீக்கத்தக்கவற்றை முதலில் தனியே பட்டியலிட்டு, மடக்கு முடிந்தபின் நீக்குதலே முறை.

முடிவுரை

சேமிப்பதும் எண்ணுவதும் கணிப்பொறியின் பணி. எது ஒரே சொல், எதன்பின் எது வரும் என்று வரையறுப்பது தமிழறிந்தார் கடமை. அவ்வரையறையை நிரலில் எழுதாவிடின் கணிப்பொறி தன் போக்கில் ஒன்றைத் தரும். அது அச்சேறினால் பிழையும் சான்றாகிவிடும். ஆதலின், சொல்லடைவு காண முனையும் மாணவர்கள் இலக்கணத்தோடு நிரலாக்கமும் பயில்வார்களாக!