பாட்டில்ல இருக்கிறது லிக்விட்தான்... ஆனா லிக்விடிட்டி இருக்கா?



2025 செப்டம்பர்ல ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். ஷூ கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வயசு 29. கைக்கு வர்ற சம்பளம் 38,000. கூடவே ஒரு போட்டோ: பீரோவோட மேல் தட்டுல வரிசையா ஏழு சிங்கிள் மால்ட் பாட்டில். இரண்டு திறந்தது, ஐந்து சீல் உடைக்காதது. கேள்வி ஒரே வரிதான்.

"அண்ணா, இதை எங்க வித்தா நல்ல ரேட் கிடைக்கும்?"

ஏன் திடீர்னு விக்கணும்? அந்த ஆகஸ்ட் 27ல இருந்து இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50% வரி போட்டது ஞாபகம் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழில்ல இருக்கிறவங்களுக்கு அது வெறும் டிவி செய்தி இல்லை. தம்பி வேலை பார்த்த இடத்துல ஆர்டர் நின்னுச்சு, சம்பளம் பாதி பாதியா வந்துச்சு. எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னு கேட்டேன். "இந்த பாட்டில்தான் அண்ணா எமர்ஜென்சி ஃபண்ட்" என்றார்.

ஜோக் இல்லை. அவர் நிஜமாவே அப்படித்தான் நினைச்சிருந்தார். அவரை மாதிரி நினைக்கிற இன்னும் சிலர் இதைப் படிப்பீங்க என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பிச்சது எப்படி?

2022ல இங்கிலாந்துல இருந்து வந்த ஒரு பையர் கொடுத்த கிஃப்ட் பாட்டில். ஷெர்ரி பீப்பாய்ல ஊறின விஸ்கி. அந்த வகை விஸ்கிகளைப் பத்தி எழுதுறவங்க அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை 'தோல் வாசனை'. தம்பி சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அந்த வாசனையை எங்க ஊர்க்காரனுக்கு யாரும் கத்துத்தர வேண்டாம் அண்ணா."

ரசனை அங்கதான் பிறந்தது. அதுல எந்தத் தப்பும் இல்லை. அப்புறம் யூடியூப்ல விஸ்கி விமர்சனம் பார்த்தார். அப்படியே பார்த்துக்கிட்டு போகும்போது "விஸ்கி தங்கத்தை விட நல்ல முதலீடு"ன்னு ஒரு வீடியோ வந்துச்சு. அன்னைக்கு ரசிகர், முதலீட்டாளர் ஆயிட்டார். மூணு வருஷத்துல ஆறு பாட்டில், மொத்தம் 58,000 ரூபாய். இதுல 40,000 கிரெடிட் கார்டுல நிலுவை.

முதல்ல, சிங்கிள் மால்ட்னா என்ன?

'சிங்கிள்' என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறாங்க. இல்லை. ஒரே டிஸ்டில்லரியில் தயாரானது என்று அர்த்தம். 'மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி. முழுக்க அதுலயே செய்யணும். ஸ்காட்ச்சா இருந்தா ஓக் மரப் பீப்பாயில் குறைஞ்சது 3 வருஷம் ஸ்காட்லாந்துலயே ஊறணும். நம்ம ஊர்ல சாதாரணமா விக்கிற விஸ்கி பலதும் கரும்பு மொலாசஸ்ல இருந்து வர்ற ஸ்பிரிட் கலந்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது.

நல்ல சிங்கிள் மால்ட் வேணும்னா ஸ்காட்லாந்து வரைக்கும் போகணும்னு இல்லை. ஆம்பூர்ல இருந்து ஹைவேயைப் பிடிச்சா பெங்களூரு. அங்கே 1948ல தொடங்கின அம்ருத் டிஸ்டில்லரீஸ், தன் சிங்கிள் மால்ட்டை 2004 ஆகஸ்ட்ல முதல்ல அறிமுகப்படுத்தினது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்! கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். இந்திய பார்லியையும், பீட் புகையில் காயவைத்த ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்து செய்த 'அம்ருத் ஃப்யூஷன்', ஜிம் மர்ரேவின் 2010 விஸ்கி பைபிளில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக இடம்பிடிச்சது. அதுக்குப் பிறகு கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியானாவின் இந்த்ரி என்று வரிசை நீண்டுவிட்டது.

தேவதைகள் குடிக்கிற பங்கு

இந்தக் கதையில் நமக்கு ஒரு ஃபைனான்ஸ் பாடம் இருக்கு. பீப்பாயில் ஊறும்போது விஸ்கி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். இதுக்கு 'ஏஞ்சல்ஸ் ஷேர்', அதாவது தேவதைகளின் பங்கு என்று பெயர். ஸ்காட்லாந்து குளிரில் வருஷத்துக்குச் சுமார் 2%. பெங்களூரில் 10 முதல் 12%.

கணக்கு போடுங்க. 200 லிட்டர் பீப்பாய், 8 வருஷம். 2% இழப்பு என்றால் மிச்சம் சுமார் 170 லிட்டர். 11% என்றால் மிச்சம் 79 லிட்டர்தான்! காம்பவுண்டிங் நமக்கு எதிரா வேலை செஞ்சா இப்படித்தான் இருக்கும். அம்ருத் தன்னோட 8 வருஷ விஸ்கிக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைக்கார தேவதைகள் என்று பெயர் வெச்சது சும்மா இல்லை.

உங்க பணத்துக்கும் இப்படி ஒரு தேவதை உண்டு. அதோட பேர் பணவீக்கம். வருஷம் 6% என்று வெச்சுக்கிட்டா, பீரோவில் சும்மா வெச்ச 1 லட்சத்தின் மதிப்பு 12 வருஷத்தில் ஏறக்குறைய பாதி. கிரெடிட் கார்டு தேவதைக்குப் பேராசை இன்னும் அதிகம். மாசம் 3.5% வட்டி என்றால், தம்பியோட 40,000 நிலுவைக்கு மாசம் 1,400 ரூபாய். அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற.

இன்னொரு விஷயம். பீப்பாயை விட்டு பாட்டிலுக்கு வந்த பிறகு விஸ்கிக்கு வயசு ஏறாது. 12 வருஷ விஸ்கியை உங்க வீட்டு பீரோவில் பத்து வருஷம் வெச்சாலும் அது 12 வருஷ விஸ்கிதான்.

சரி, யாருக்கு விப்பீங்க?

இங்கதான் தம்பியோட கேள்விக்குப் பதில்: யாருக்கும் விற்க முடியாது.

தமிழ்நாட்டில் 2003 நவம்பர்ல இருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். லைசென்ஸ் இல்லாம ஒரு பாட்டிலை நீங்க விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அது ஆயிரம் ரூபாய் பாட்டிலா, லட்ச ரூபாய் பாட்டிலா என்று சட்டம் பார்க்காது. வாட்ஸ்அப் குரூப், பேஸ்புக் விளம்பரம் எல்லாம் வம்பை விலைகொடுத்து வாங்குற வேலை. பெங்களூரிலிருந்து அனுமதி இல்லாம கொண்டுவந்தாலும் வழக்குதான். வெளிநாட்டில் இருந்து விமானத்தில் வரும்போது வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் வரை. வீட்டில் எவ்வளவு வெச்சிருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 'கலெக்‌ஷன்' பெருசாக ஆக, சிக்கலும் பெருசாகும்.

அடகு வைக்கலாமா? அந்த மாசம் தம்பி கடைசியில் செய்தது, அம்மாவோட இரண்டு வளையலை பேங்க்ல வெச்சு நகைக்கடன் வாங்கினது. அரை மணி நேரத்தில் பணம் கிடைச்சது. வளையலுக்குக் கடன் கொடுத்த பேங்க் பாட்டிலுக்குக் கொடுக்குமா? பாட்டில்ல இருக்கிறது லிக்விட்தான். லிக்விடிட்டி சுத்தமா இல்லை.

அதே 58,000 ரூபாயை மாசம் 1,600 வீதம் சாதாரண ஆர்.டி.யில் 6.5%க்குப் போட்டிருந்தா, சுமார் 64,000 கையில் இருந்திருக்கும். பெரிய லாபம் இல்லைதான். ஆனா அம்மா வளையல் கையிலேயே இருந்திருக்கும்.

"22 கோடிக்கு வித்ததே அண்ணா?"

ஆமா, உண்மைதான். 2023 நவம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் 'மெக்கலன் 1926' ஒரு பாட்டில் கிட்டத்தட்ட 21.9 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. நம்ம பணத்தில் 22 கோடிக்கு மேல். ஆனா அது 60 வருஷம் பீப்பாயில் ஊறி, 1986ல வெறும் 40 பாட்டிலாக மட்டும் நிரப்பப்பட்ட சரக்கு. ஏர்போர்ட் கடையில் 'லிமிடெட் எடிஷன்' என்று அடுக்கி வெச்சிருக்கிறது அந்த ஜாதி இல்லை. லாட்டரியில் ஜெயிச்சவரோட போட்டோதான் பேப்பர்ல வரும், தோத்தவங்க போட்டோ வராது.

விலைப் பக்கமும் பாருங்க. 2025 ஜூலை 24ல கையெழுத்தான இந்தியா – பிரிட்டன் ஒப்பந்தப்படி, ஸ்காட்ச் மீதான 150% இறக்குமதி வரி முதல்ல 75% ஆகும், பிறகு பத்து வருஷத்தில் 40%க்கு இறங்கும். மாநில வரிகள் தனி என்பதால் கடை விலை அப்படியே பாதியாகாது. ஆனாலும் வரி இறங்கப்போற ஒரு பொருளை இன்னைக்கு விலையில் வாங்கிப் பதுக்கி வைப்பது என்ன கணக்கு?

"பாட்டில் வேண்டாம், ஸ்காட்லாந்தில் ஒரு பீப்பாயே வாங்குங்க" என்று இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கு. பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ இந்த பீப்பாய் முதலீட்டை ஒழுங்குபடுத்துவதில்லை. ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற மோசடிகளை பிபிசி 2025ல வெளிக்கொண்டு வந்தது. அந்த ஊர்க்காரங்களே ஏமாந்த இடம். வாணியம்பாடியில் உட்கார்ந்துகிட்டு எந்த கோடவுனைப் போய் நீங்க எட்டிப் பார்ப்பீங்க?

அப்போ வாங்கவே கூடாதா?

குடிக்காதவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சு ஆரம்பிக்காதீங்க. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே தெளிவா சொல்லியிருக்கு. தமிழ்நாட்டில் 21 வயசுக்குக் கீழே வாங்கவே முடியாது.

ஏற்கெனவே ரசனை இருக்கிறவங்களுக்கு என் கணக்கு இதுதான்.

1. கார்டு நிலுவை பூஜ்யம், 6 மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி. இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பாட்டில்.

2. எல்லா பொழுதுபோக்குக்கும் சேர்த்து சம்பளத்தில் 5%. 38,000க்கு 1,900 ரூபாய். சினிமாவும் அதுலதான், விஸ்கியும் அதுலதான்.

3. திறந்தது ஒண்ணு, சீலோட ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம்.

4. 750 மில்லி பாட்டிலில் 30 மில்லி வீதம் 25 பெக். மாசம் இரண்டு தடவை என்றால் ஒரு பாட்டில் ஒரு வருஷம் வரும். 5,000 ரூபாய் பாட்டில் என்றால் மாசம் சுமார் 400 ரூபாய். ரசனைக்கு இந்த அளவு போதும்.

அந்த 30 மில்லியை மரியாதையா குடிங்க. சோடா, கோலா வேண்டாம். வாய் குறுகின கிளாஸ்ல ஊத்தி, முதல்ல மோந்து பாருங்க. இரண்டு சொட்டு தண்ணி விட்டு மறுபடி மோந்து பாருங்க, வாசனை மாறியிருக்கும். பாட்டிலைப் படுக்க வைக்காதீங்க, உள்ளே இருக்கிற ஆல்கஹால் கார்க்கை அரிச்சிடும். வேலூர் வெயில் படாத இடத்தில் வைங்க. பாதிக்குக் கீழே இறங்கின பாட்டிலை ரொம்ப நாள் இழுக்காதீங்க, உள்ளே காத்து கூடக்கூட ருசி மங்கும்.

தம்பி இப்போ?

கார்டு நிலுவையை நகைக்கடன் பணத்தில் அடைச்சார். மாசம் 3.5% போய் வருஷத்துக்கு 10%க்குள்ள வந்துச்சு. சம்பளம் சீரானதும் வளையல் கடனைத்தான் முதல்ல கட்டினார். ஆர்.டி. ஒண்ணு ஓடுது. மூணு வருஷமா புதுசா பாட்டில் வாங்காம இருக்க முடியுமான்னு கேட்டேன். "எதுக்கு அண்ணா வாங்கணும்? அஞ்சு வருஷத்துக்கு ஸ்டாக் இருக்கே" என்றார்.

வளையல் வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி, சீல் உடைக்காத ஐந்தில் ஒண்ணைத் திறந்தாராம். விலை ஏறும்னு மூணு வருஷமா தொடாம வெச்சிருந்த பாட்டில். "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"முதல் தடவையா விலை ஞாபகம் வராம குடிச்சேன் அண்ணா."

அடுத்த வீடியோவில் நகைக்கடன் வட்டிக் கணக்கைப் பார்ப்போம். அதுவரைக்கும், உங்க பீரோவில் இருக்கிற பொருள்ல எதை நாளைக்கே பணமாக்க முடியும்னு ஒரு லிஸ்ட் போட்டு வைங்க.