வீட்டு முற்றத்தில் விருந்து: வீட்டார் உட்காருவது எப்போது?

"காலை 11 மணி முதல் மாலை 5 மணி வரை. குடும்பத்தோடு வாருங்கள்." மலேசியத் தமிழர் வீடுகளிலிருந்து போகும் விருந்து அழைப்புகளில் இந்த வரியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அட்டை அச்சடித்துக் கொடுத்த காலத்திலும் அது இருந்தது. கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும் இக்காலத்திலும் இருக்கிறது. படிப்பதற்கு இனிமையான வரிதான். ஆனால், அந்த 6 மணி நேரமும் அவ்வீட்டுப் பெண்மணி எங்கே இருப்பார்? முற்றத்தில் கூடாரத்தின் கீழ் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருக்கும். அவரோ சமையலறையில் அடுப்பின் முன் நின்றுகொண்டிருப்பார். "நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று யாராவது கேட்டால், "நீங்க முதல்ல சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்பார். அந்த 'அப்புறம்' வருவதற்கு இரவு 9 மணி ஆகிவிடும். அதற்குள் பசியும் போயிருக்கும்.

உறவினரையும் நண்பர்களையும் அழைத்து, வீட்டு முற்றத்திலோ தோட்டத்திலோ உட்கார்ந்து, ஆர அமரப் பேசிச் சாப்பிடுவதுதான் இத்தகைய விருந்தின் நோக்கம். அந்த அமைதி விருந்தாளிக்கு மட்டும் கிடைத்து வீட்டாருக்குக் கிடைக்காமல் போவது ஏன்? பெரும்பாலும் கோளாறு சமையலில் இல்லை, அழைப்பில் போடும் நேரத்தில்தான் இருக்கிறது.

தோட்ட விருந்து என்பது ஆங்கிலேயர்கள் பெரிதாக வளர்த்த வழக்கம். பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் 1860களிலிருந்தே இத்தகைய விருந்துகள் நடந்து வருகின்றன. தேநீரும் சிறு பலகாரங்களும் உண்டு. லண்டனில் ஜூலை மாதப் பகலில்கூட வெப்பம் சராசரியாக 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெயிலில் நிற்பதே அங்கு ஒரு சுகம். இங்கே நிலைமை வேறு. ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரி, அதோடு காற்றில் ஈரப்பதம். மலேசியாவுக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. இருப்பதெல்லாம் மழை கூடிய மாதங்கள், மழை குறைந்த மாதங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணி 15 நிமிட வாக்கில்தான். கடிகாரம் மாலை 4 மணி என்று காட்டும்போது வெயில் இன்னும் பிற்பகல் வெயிலாகவே அடிக்கும். பொழுது சாய்வது 7 மணிக்கு மேல். ஆகவே, 11 மணியிலிருந்து 5 மணி வரை என்று அழைப்பவர், நாளின் மிகக் கடுமையான 6 மணி நேரத்தைத் தேடிப் பிடித்து விருந்தாளிக்குக் கொடுக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. 'வருகிறவரிடம் நேரம் பார்த்து வா என்று சொல்வது தமிழர் பண்பா? ஷிப்டு வேலை பார்ப்பவர் இருக்கிறார், பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வருபவர் இருக்கிறார், ஒரே நாளில் நான்கு வீடுகளுக்குப் போக வேண்டியவரும் இருக்கிறார். கதவு நாள் முழுவதும் திறந்திருந்தால்தானே அது திறந்த இல்ல உபசரிப்பு?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தீபாவளி அன்று நாள் முழுவதும் கதவு திறந்திருப்பதில் ஓர் அழகு உண்டு. அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால், பிறந்த நாள், வீட்டுக்கு வந்த மருமகளை அறிமுகப்படுத்துவது, பள்ளி விடுமுறையில் உறவினர் ஒன்றுகூடுவது போன்றவற்றுக்கும் அதே 6 மணி நேர வழக்கத்தைக் கடைப்பிடிப்பதில்தான் சிக்கல். அங்கே 3 மணி நேரம் போதும். மாலை 6.30 முதல் இரவு 9.30 வரை என்று போட்டால், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய கட்டாயமும் இராது.

நேரத்தைச் சுருக்குவதற்கு அதைவிடப் பெரிய காரணம் மேசைமேல் இருக்கும் உணவு.

சமைத்த உணவில் நோய்க் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். நம் ஊர் முற்றத்தின் வெப்பம் அதற்கு நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சமைத்து 4 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்று மலேசிய சுகாதார அமைச்சும் வலியுறுத்தி வருகிறது. விடியற்காலை 5 மணிக்குச் சமைத்து முடித்த பிரியாணியை 11 மணிக்குத் திறந்து, மாலை 5 மணிக்கு வரும் கடைசி விருந்தாளிக்கும் பரிமாறினால், அந்தச் சோற்றின் வயது 12 மணி நேரம்!

'சூடு பண்ணிக் கொடுத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. சோற்றைப் பொறுத்தவரை அது முழு உண்மை அல்ல. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் எனும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். தேங்காய்ப்பால் சேர்த்த சோறு, தேங்காய்ச் சட்னி, முட்டை சேர்ந்த பண்டங்கள் ஆகியவற்றிலும் அதே கவனம் வேண்டும்.

இதெல்லாம் மிகையான பயம் என்று நினைப்பவர்கள் கெடாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டு அங்கு ஒரு திருமண விருந்தில் பரிமாறப்பட்ட 'ஆயாம் மாசாக் மேரா' எனும் கோழிக்கறியை உண்ட பலர் நோயுற்றனர்; நால்வர் உயிரிழந்தனர். சால்மொனெல்லா கிருமியே காரணம் என்று கண்டறியப்பட்டது. வாழ்த்த வந்தவர்களின் வீட்டில் இழவு விழுந்தது.

எனவே, முற்றத்து விருந்தில் சமையலைக் குறைப்பது கஞ்சத்தனம் ஆகாது. பத்து வகைக் கறிக்குப் பதில் நான்கு வகை போதும். ஒரு சோறு அல்லது மீகூன், ஒரு கோழி, ஒரு காய்கறிப் பிரட்டல், ஒரு பச்சடி. மற்ற உணவும் இருக்கும்போது ஒரு கிலோ அரிசி 8 பேர் முதல் 10 பேர் வரை தாங்கும். 40 பேருக்கு 4 கிலோ என்று வைத்து, அதை ஒரே அண்டாவில் வடிக்காமல், இரண்டு தவணையாக வடிக்கலாம். முதல் தவணை 6 மணிக்கு, அடுத்தது 7.30-க்கு. மின்சாரச் சோற்றுப் பானை இருக்கும் வீட்டில் இது ஒரு வேலையே அல்ல. கறியையும் பாதி மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து, மீதியை அடுப்பில் சூடாக வைத்திருக்க வேண்டும். மேசையில் இருக்கும் பாத்திரம் காலியானால் அதிலேயே புதியதைக் கொட்டக் கூடாது. வேறு பாத்திரத்தில் கொண்டுவர வேண்டும்.

முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை போன்றவை இந்த இடத்தில் பெரும் உதவி. முன்கூட்டியே செய்யலாம், வெளியில் கிடந்தாலும் கெடாது. பாட்டிமார்கள் வெப்ப நாட்டுக்கு ஏற்ற பலகாரம் எது என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

கரி அடுப்பில் வாட்டும் வழக்கமும் இப்போது பரவிவிட்டது. இதில் ஒரு நன்மை உண்டு. அடுப்பு முற்றத்துக்கு வருவதால் சமைப்பவரும் பேச்சில் கலந்துகொள்கிறார். வீட்டு ஆண்கள் முன்வந்து செய்யும் சமையலும் பெரும்பாலும் இது ஒன்றுதான் என்பதால், தாய்மார்கள் அதைத் தாராளமாக ஊக்குவிக்கலாம்! கரியைப் பரிமாறும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே பற்றவைக்க வேண்டும். தணல் வெண்சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். தொடை எலும்பை ஒட்டிய சதையில் இளஞ்சிவப்பு தெரிந்தால் திரும்ப வைப்பதே நல்லது. பச்சை இறைச்சி ஊறிய தட்டிலேயே வாட்டிய இறைச்சியை எடுத்து வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. அடுப்பைக் கூடாரத்துக்கு அடியிலோ, மூடிய கார் நிறுத்துமிடத்திலோ வைக்கக் கூடாது. கரிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும்.

குடிப்பதற்குப் பண்டோங், எலுமிச்சை அசாம்போய் இரண்டில் ஒன்று போதும். ஆளுக்கு அரை கிலோ என்ற கணக்கில் ஐஸ் வாங்கிவிட்டால் நடுவில் ஒருவர் கடைக்கு ஓட வேண்டியிராது. ஐஸை அள்ளத் தனிக் கரண்டி வேண்டும். கையோ குவளையோ உள்ளே போகக் கூடாது. சிலர் வீட்டில் பீர் பெட்டியும் வந்து சேரும். பிள்ளைகளும் பெரியவர்களும் கூடும் இடத்தில் அது தேவையா என்பதை வீட்டார் முதலிலேயே முடிவு செய்துவிட்டால், இரவு 10 மணிக்கு யாரையும் சமாதானப்படுத்த வேண்டியிராது.

மாலை நேரத்துக்கு ஒரு குறை உண்டு. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பது காலையிலும், பொழுது சாய்வதற்கு முந்திய நேரத்திலும். விருந்து அன்று கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக 7 முதல் 10 நாட்கள் பிடிக்கும். அதாவது, விருந்தாளியைக் கடிக்கப்போகும் கொசு முந்திய வாரமே அதே வீட்டுப் பூச்சாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். அழைப்பு அனுப்பும் நாளிலேயே சாடித் தட்டுகள், பணச்செடி வைத்த போத்தல், கூரை நீர்க்கால், பின்னால் கிடக்கும் பழைய வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலிலிருந்து மாலை வரை இடியுடன் மழை கொட்டும். அப்போது கூடாரம் இல்லாமல் முடியாது. ஜூன், ஜூலையில் மழை குறைவு. ஆனால் காற்று வறண்ட சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்துவிடுகிறது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலையே அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் முற்றத்து விருந்தைத் தள்ளிவைப்பதே முறை.

மலாய், சீன நண்பர்கள் வராத விருந்து மலேசியாவில் குறைவு. முஸ்லிம் நண்பர்களுக்கு மாலைத் தொழுகை நேரம் 7.30 மணியை ஒட்டி வரும். அவர்களிடம் '8 மணிக்கு வாருங்கள்' என்று தனியாகச் சொல்லிவிடலாம், அல்லது சுத்தமான ஓர் அறையை ஒதுக்கித் தரலாம். இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதா என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள். வீட்டாரே முந்திக்கொண்டு சொல்வதுதான் மரியாதை. மாட்டிறைச்சி உண்ணாத சீனர்களும் இருக்கிறார்கள். சைவம் சாப்பிடுவோருக்கு மேசையைத் தனியே போட்டு, அதன் கரண்டிகளும் தனியே இருக்க வேண்டும். புரட்டாசி மாதம் என்றால் பாதிப் பேர் அந்த மேசைக்கே வருவார்கள்.

வரிசை வீட்டின் முன்முற்றம் ஏறக்குறைய 20 அடி அகலம். 10 பேர் அமரும் வட்ட மேசை இரண்டு போட்டால் இடம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆள் வந்தால் கூடாரம் சாலைக்கு நீளும். அதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும், இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் முதல் நாளே போய்ச் சொல்லி, அவர்களையும் அழைப்பது நல்லது. சாப்பிட வந்த அண்டை வீட்டார் பாட்டுச் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்வது அரிது. இருந்தாலும் 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும்.

விருந்து முடிந்து விடைபெறும்போது பொட்டலம் கட்டிக் கொடுப்பது வழக்கம். 3 மணி நேரம் மேசையில் இருந்த கறியைக் கட்டிக் கொடுத்தால், அது காரில் ஒரு மணி நேரம் பயணம் செய்து, மறுநாள் காலையில் யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகும். கொடுக்க வேண்டுமானால், மேசைக்குப் போகும் முன்பே ஒரு பங்கை எடுத்து, சூடு ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். முறுக்குப் பொட்டலம் என்றால் கவலையே இல்லை. மேசையில் மிஞ்சியதைக் கொட்டுவதற்கு மனம் வராது; ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில், புல்லில் உருண்டு கிடக்கும் காகிதக் குவளைகளையும், மழைநீர் தங்கிய கூடாரத் துணியின் மடிப்புகளையும், ஐஸ் கரைந்த பெட்டியையும் ஒருமுறை பார்த்து, நீரை வடித்துவிட வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். முதல் நாள் அடுப்படியில் நின்றவர் அன்று கொஞ்சம் தாமதமாகவே எழுந்திருக்கட்டும்.