பழைய மரக்கலத்துக்குப் புது வாழ்வு

கடற்காற்றே வீசாத ராஜபாளையத்தில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதலாமா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் நம் கரிசல் மண்ணில் விளையும் பருத்திக்கும் மரக்கலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. தவிர, பழையதைப் புதுப்பிக்கும் வித்தைக்கு அடுத்த ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெருந்தேர் முன்னாளில் மரச் சக்கரங்களில் உருண்டது. இப்போது இரும்புச் சக்கரங்களில் உருளுகிறது. அதனால் அது வேறு தேராகிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அறிவதே புதுப்பிப்பதன் சூட்சுமம்.

தூத்துக்குடித் தோணிக்காரர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். தோணி என்றதும் ஆற்றைக் கடக்கும் ஓடம் என்று எண்ணிவிட வேண்டாம். சுமார் 300 டன் சரக்கைச் சுமந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்று வந்த பெரிய பாய்மரக் கலம் அது. தென்மேற்குப் பருவக் காற்று சீறும் மாதங்களில் கடலோட்டம் நின்றுவிடும். செப்பனிடும் வேலை தொடங்கும்.

முதல் வேலை பரிசோதனை. ஏரா முதல் மேல்தட்டு வரை ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். கூரிய ஊசி எளிதில் இறங்கும் இடத்தைத் தயங்காமல் வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைக்க வேண்டும்.

அடுத்தது கலப்பத்து. பலகைகளின் இடுக்கிலுள்ள பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து, பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையை மேலே பூசுவார்கள். கலம் கடலில் இறங்கியதும் மரம் ஊறிப் பருத்துப் பஞ்சை நெருக்கும். திரி தளர்ந்திருந்தால் ஜலம் புகும். அளவுக்கு மிஞ்சி அடித்தாலோ பலகையே பிதுங்கும்.

புதுமை எல்லாம் நன்மை என்று நினைப்பதும் தவறு. மரத்தைக் குடைந்து தின்னும் கப்பல் புழுவுக்கு அஞ்சி, ஆங்கிலேயர் 1761-இல் 'அலாரம்' என்னும் போர்க் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்தனர். புழு அண்டவில்லை. ஆனால் உப்பு நீரில் செம்பும் இரும்பும் சேர்ந்ததால் இரும்பு ஆணிகள் அரித்துப் போயின! பின்னர் ஆணிகளையும் செம்புக் கலவையில் செய்யத் தொடங்கிய பிறகே தொல்லை தீர்ந்தது.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகளுக்கு யந்திரம் பூட்டிய போதும் இத்தகைய சங்கடமே எழுந்தது. காற்றை எதிர்பார்த்துக் காத்துக் கிடக்கும் நிலை நீங்கிற்று. ஆயினும் யந்திரத்தின் அதிர்ச்சி பலகை மூட்டுகளைத் தளர்த்தும். அதன் பாரத்தைத் தாங்க உறுதியான மரப் பீடம் வேண்டும். சுழல் தண்டு வெளியேறும் துவாரத்தில் ஜலம் கசியாது காக்க வேண்டும்.

இவ்வாறு பேணப்பட்ட தமிழ்க் கலம் எவ்வளவு தூரம் செல்லும்? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய 'அன்னபூரணி' 89 அடி நீளமே உள்ளது. வில்லியம் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் அதை வாங்கிச் செப்பனிட்டு, 'ப்ளாரன்ஸ் ஸி. ராபின்ஸன்' என்று பெயர் மாற்றினார். வல்வைத் தமிழ் மாலுமிகள் அதை ஸூயஸ் வழியாகச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் க்ளௌஸ்டர் துறையை அடைந்தார்கள்!

1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட அதே தூத்துக்குடியில், இன்று தோணி கட்டும் கைகள் அருகிவிட்டன. தண்டலும் தச்சரும் அறிந்த வித்தை ஏட்டில் ஏறாதது. கையிலிருந்து கைக்கு வந்தது. ஒரு தலைமுறை கற்கத் தவறினால் அது மீளாது. நம் பிள்ளைகளைத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்வோம். கலப்பத்து உளியின் ஓசையை அவர்கள் காதாரக் கேட்கட்டும்; பெரியவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வரட்டும். பலகை உளுத்தால் மாற்றிவிடலாம். வித்தை அழிந்தால் மாற்று ஏது?