வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசன் உத்தரவு!

உங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச வேண்டும். என்ன செய்வீர்கள்? கொத்தனாரைக் கூப்பிடுவீர்கள். மணலும் சிமெண்டும் வாங்குவீர்கள். இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்.

ஒரு காலத்தில், இதே தமிழ்நாட்டில், எல்லோராலும் அப்படிப் பூசிவிட முடியாது. கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. அரசன் உத்தரவு வேண்டும்!

கட்டுக்கதை அல்ல. கரூரில் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். "கோனேரின்மைகொண்டான்" என்ற பட்டம் பூண்ட ஓர் அரசன், கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில சலுகைகள் கொடுத்தான். நல்லதுக்கும் கெட்டதுக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வீட்டை விட்டு வெளியே போகும்போது காலில் செருப்பு போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

கம்மாளர் என்றால் யார்? கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், சிற்பி. ஊருக்கெல்லாம் ஏர் செய்து கொடுத்தவர்கள். கோயிலுக்குக் கல் செதுக்கியவர்கள். அவர்கள் சொந்தச் சுவரில் ஒரு கை சாந்து அப்புவதற்கு ராஜ முத்திரை தேவைப்பட்டது!

தேரடியில் இறங்குவோம்

இப்போது வடசென்னைக்கு வாருங்கள். மெட்ரோ ரயிலில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் மணலியின் புகைபோக்கிகள். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த இரைச்சலிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆதிபுரீசுவரர் கோயில்.

கருவறை விமானத்தைப் பாருங்கள். யானை படுத்திருப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பது போல வளைந்திருக்கும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கல்லால் எடுப்பித்தார்கள். கட்டியவன் பெயர் ரவி. "வீரசோழத் தச்சன்" என்பது அவனுக்குக் கிடைத்த பட்டம். தச்சன் பெயரே கல்லில் இருக்கிறது! இப்படி ஒரு பெருமை எல்லாத் தச்சனுக்கும் கிடைத்துவிடவில்லை.

கோயில் கற்களில் பல்லவர் காலம் தொட்டு நூற்றுக்கணக்கான ஆண்டுக் கணக்கு எழுதியிருக்கிறது. அப்போது இது புழல் கோட்டத்து ஊர். பக்கத்து மணலிக்கு "சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம்" என்று பெயர். பிராமணர் சபை இருந்த ஊர் அது. இன்று எண்ணெய் சுத்திகரிக்கும் இடத்தில் அன்று ஏர் உழுதார்கள்.

கோயில் என்றால் வெறும் பூஜை மட்டும் அல்ல. அதற்கு நிலம் உண்டு. நெல் வரும். பொன்னை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வட்டி வாங்கும். மடத்துக்குச் சோறு போடும். இலக்கணம் சொல்லிக் கொடுக்கத் தனி மண்டபமே இருந்தது. சுருங்கச் சொன்னால் அது ஒரு பெரிய பண்ணை.

பண்ணை என்றால் ஆள் வேண்டும் அல்லவா? 13-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராஜராஜன் காலத்தில், ஒரு வேளாளர் இந்தக் கோயிலுக்குச் சில பெண்களைக் கொடுத்தார். எதற்கு? நெல் குத்த. அவர்கள் மட்டுமா? இல்லை. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்பவர்கள் எல்லோரும் அடிமை. கோயிலுக்கு யாரோ ஆடு கொடுத்த கணக்கும் இதே போலத்தான் கல்லில் இருக்கிறது.

சீமையிலும் இதே கதை

அதே காலத்தில் இங்கிலாந்தில் "மேனர்" என்ற பண்ணைகள் இருந்தன. நடுவில் பிரபுவின் பெரிய வீடு. சுற்றிலும் குடியானவர் குடிசைகள். மரச் சட்டம், இடையில் குச்சி, அதன் மேல் களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்த பூச்சு, மேலே வைக்கோல் கூரை. நடுவீட்டில் அடுப்பு. ஒரே கூரைக்குக் கீழே ஒரு கோடியில் மாடு, மறு கோடியில் மனிதர்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கக் கூடப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஓர் அதிசயம் பாருங்கள். இங்கிலாந்து அரசன் வில்லியம் நாடு முழுக்க நிலத்தையும் குடிகளையும் மாட்டையும் எண்ணிப் புத்தகம் எழுதியது 1086-இல். இங்கே முதலாம் குலோத்துங்கன் நிலம் அளந்ததும் அதே 1086-இல்தான்! ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு அரசர்கள். இரண்டு பேருக்கும் ஒரே கவலை: வரி.

நம் ஊர் வரிப் பட்டியலைக் கேளுங்கள். மனைக்கு இறை. தறிக்கு இறை. செக்குக்கு இறை. குயவர் கொடுப்பது குசக்காணம். தட்டார் கொடுப்பது தட்டார்ப்பாட்டம். கல்யாணத்துக்குக் கண்ணாலக்காணம்! இவற்றோடு "வெட்டி". கூலி இல்லாமல் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் மண் சுமக்கும் வேலை அது. இன்று சும்மா இருப்பவனைப் பார்த்து "வெட்டியாக இருக்கிறான்" என்கிறோம். அன்று முதுகு ஒடிய வேலை செய்தவனுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தியது.

யார் எங்கே குடியிருந்தார்கள்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராகக் கணக்கு இருக்கிறது. இந்த ஊரில் இவ்வளவு நிலம், அதில் வரி இல்லாத இடம் இவ்வளவு என்று. அந்த வரி இல்லாத இடங்களைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஊரின் படமே கிடைத்துவிடும். நிலம் உடையவர்கள் குடியிருக்கும் ஊர் நத்தம். கோயில். குளம். களம். ஊடே போகும் வாய்க்கால். தனியே கம்மாணச்சேரி. தனியே பறைச்சேரி. சில ஊர்களில் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி. சில ஊர்களில் "தீண்டாச்சேரி" என்றே எழுதியிருக்கிறார்கள். பிறகு சுடுகாடு.

கோடு போட்டது போலப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கணக்கு அது.

"சேரி" என்பது அப்போது வசைச் சொல் அல்ல. உத்திரமேரூரில் பிராமணர் தெருக்களுக்கும் சேரி என்றுதான் பெயர். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். பட்டணத்தில் அது வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது பிற்பாடு.

திருவள்ளூரைத் தாண்டி, அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காடு இருக்கிறது. அங்கே 1905-இல் 31 செப்பேடுகள் கிடைத்தன. ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த பத்திரம் அது. எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை நடக்க விட்டார்கள். அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள்.

அந்தச் செப்பேடு கொடுக்கும் உரிமைகளில் முக்கியமான ஒன்று, சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம் என்பது. கிணறு தோண்டலாம். மா, பலா, தென்னை, கமுகு நடலாம். பெரிய செக்கு வைக்கலாம். ஆனால் ஈழவர் அங்கே தென்னையும் பனையும் ஏறக் கூடாது!

செங்கல் சுடுவது அன்றைக்குத் தெரியாத வித்தையா? இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது செங்கல் சுவரும் கூரை ஓடும் வந்தன. தெரிந்த வித்தைதான். ஆனால் அதைச் சொந்த வீட்டுக்குப் பயன்படுத்துவது ஓர் உரிமை. ஏட்டில் எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் பெரிய உரிமை. அந்த உரிமை இல்லாதவனின் மண் சுவரும் ஓலைக் கூரையும் மழையில் கரைந்து போயின. அரண்மனையைத் தோண்டி எடுக்கலாம். நெல் குத்திய பெண்ணின் குடிசையை எங்கே போய்த் தோண்டுவது?

மனை இருந்தால்தான் மனிதன்

உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 921. வேட்பாளருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இன்னும் ஒன்று. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அடுத்தவர் மனையில் குடியிருப்பவனின் பெயரைக் குடத்தில் போட மாட்டார்கள்.

இந்தக் கடைசி நிபந்தனையை நாம் பெருமையோடு படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பண்ணையாரின் மண்ணில் குடிசை போட்டவனுக்கு ஊரில் குரல் இல்லை. குரல் எழுப்பினால் குடிசை இல்லை. மிராசுதார் காலத்துத் தஞ்சாவூரிலும் இதுதான் நிலைமை. கூலி கேட்டால் "மனையைக் காலி செய்" என்பார்கள்.

1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது ஆளை விரட்டக் கூடாது என்றது. ஆனால் கூலித் தகராறு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரு சின்னக் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒளிந்தவர்கள் 44 பேர் தீயில் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம்.

மூன்று வருஷம் கழித்து, 1971-இல், தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் நிறைவேறியது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு, அந்தக் குடிசை நின்ற மண் சொந்தம் என்றது சட்டம்.

அப்போது உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு வயது 1,050.